ரிசீவரை முதலில் வைக்காதவருக்கு

இன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொழும்புக் காலி வீதி பஸ் தரிப்பில் நின்றுகொண்டு எங்கள் மருத்துவ ஆய்வுகூடத்துக்கே போன் எடுத்தேன். பதில் சொல்ல அங்கே ஆளில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்தான். மணி அடித்து ஓய்ந்ததும் நீர் வந்தீர். "வணக்கம். அழைத்ததற்கு நன்றி. தயவுசெய்து கொஞ்சம் பொறுத்திருங்கள். நாங்கள் இருக்கிறோம்."

நீர் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பதிந்து வைத்த உமது குரலுக்கு அது தெரியாது. சிலர் என்னிடம், "முதல் கதைச்ச மிஸ்ஸட்டக் குடுங்கோ" என்று கேட்கிறார்கள். "அவ இப்ப இல்லை" என்று சொல்லும்போது உமது வெற்று நாற்காலிப் பக்கம் நான் திரும்புவதில்லை. திங்கட்கிழமையிலிருந்து புது இயந்திரம், புதுக் குரல் என்று மனேஜர் சொல்லிவிட்டார். பழையதை அழித்துவிடுவார்களாம். அதனால்தான் எடுத்தேன்.

உம்முடைய மரியாதைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்துப் பக்கத்து மேசை, வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கை, மாறி மாறிச் சாப்பாட்டுப் பெட்டி. இவ்வளவுக்குப் பிறகும் என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவீர். எனக்கும் அதுவே பழகிவிட்டது. ரிப்போர்ட் பிந்திவிட்டதென்று ஒரு சிங்கள ஐயா போனில் கத்தினால், "சமாவென்ன மாத்தயா" என்று குழைவீர்.

"அந்தாள் ஏசுது, நீர் மன்னிப்புக் கேக்கிறீர். வெக்கமில்லையே?" என்றேன் ஒரு நாள்.

"அவர் என்னை ஏசேல்லை. பயத்தில கத்துறார்" என்றீர்.

கதை முடிந்தாலும் ரிசீவரை வைக்கமாட்டீர். மற்றப் பக்கம் வைக்கும்வரை காதோடு பிடித்திருப்பீர். நான் டக்கென்று வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறவள். "வைக்கப் போகேக்கைதான் அவைக்குக் கேக்க வேண்டியது ஞாபகம் வரும்" என்பீர். உண்மைதான். 'மிஸ், இது சுகமாகிற வருத்தமோ?' என்ற கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை.

போனில் சொல்ல இரண்டு வசனங்கள் வைத்திருந்தீர். முடிவு நல்லதென்றால், "வசதிப்பட்ட நேரம் வந்து எடுங்கோ." சரியில்லாவிட்டால், "வீட்டில ஒராளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." எல்லாம் ஒரே குரலில், ஒரே பணிவோடு. இது நல்ல நடிப்பு என்று நான் உம்மைக் கேலி செய்வேன்.

உமது சோதனை முடிவு வந்த நாளில் நீர் லீவில் நின்றீர். போன் அடித்தது. "வணக்கம்" என்றீர், முன்பின் தெரியாதவர் போல. அந்தக் காகிதம் என் முன்னால் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன். கடைசியில் உமது வசனம்தான் கைகொடுத்தது.

"வரேக்க... உம்மட அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வாருமன்."

உமது பக்கத்தில் கரையோர ரயில் போகும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அதே ரயில் என் யன்னலுக்குப் பின்னாலும் போனது. அதற்குப் பிறகுதான் கதைத்தீர்.

"நன்றி. உமக்குக் கரைச்சல் தந்திட்டன்."

எனக்குக் கரைச்சல் தந்தீராம்! நீர் வைக்கவில்லை. அன்று நானும் வைக்கவில்லை. உமது மூச்சுக் கேட்டது. "நீர் வையும், ஆக்கள் நிப்பினம்" என்று நீராகவே சொன்ன பிறகுதான் வைத்தேன். வரிசையில் நின்றவர்களுக்கு என் முகத்தைக் காட்ட முடியவில்லை.

மரியாதை வெறும் மேற்பூச்சு என்று நினைத்திருந்தேன். அன்று உமக்குத் தர என்னிடம் அதைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. கட்டிப்பிடித்து அழ போனில் வழியுமில்லை. இப்போது நானும் யாருக்கும் முதலில் வைப்பதில்லை. மற்றப் பக்கத்து மேசையில் காசு வாங்கும் பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் உம்மைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

இன்று பஸ் தரிப்பில் "கொட்டுவ, கொட்டுவ" என்று கோட்டை பஸ் கொண்டக்டர்மார் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். "நாங்கள் இருக்கிறோம்" என்றீர். பிறகு ஒன்றுமில்லை. நீர் கேட்டுக்கொண்டிருக்கிறீர் என்றே நினைத்தேன். கேட்க வேண்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன்.

டக் என்றது. உம்மை அறிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நீர் முதலில் வைத்துவிட்டீர்.