இடது பின் சக்கரம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று பயந்துவிடாதே. வரிகள் மேலே ஏறி ஏறி இறங்குகின்றன. எழுத்துகளில் பாதி குண்டு, பாதி நோஞ்சான். மன்னித்துக்கொள். நாற்பத்து மூன்று வருடம் ஸ்பேனர் பிடித்த கை, பேனாவையும் நட்டு முடுக்குவது போலத்தான் பிடிக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. ஆனாலும் அம்மா, என் மருமகளுக்கு நானே கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்தால் தனியாக உட்கார்ந்து சிரிக்கத் தோன்றுகிறது. எழுபது வயதில் முதல் கடிதம், அது உனக்கு.

கீழ் வீட்டு டீச்சரம்மாதான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். உன் புருஷனுடைய மாத்திரை அட்டைகளைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் போனேன். இப்போது தெருவில் ஒரு பலகையை விடுவதில்லை. போன வாரம் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று எழுதியிருந்ததை நின்று முழுதாகப் படித்து முடிப்பதற்குள் என் பஸ் போய்விட்டது. இந்தக் கடிதத்தைத் திருத்தித் தருவதாக டீச்சரம்மா சொன்னார். இது எங்கள் வீட்டு விஷயம், பிழையோடு போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவன் நன்றாகச் சாப்பிடுகிறான். முதுகில் இருந்த படுக்கைப் புண் ஆறிவிட்டது. சக்கர நாற்காலி திரும்புவதற்காகக் குளியலறைக் கதவைக் கழற்றித் திரைச்சீலை போட்டிருக்கிறேன். நீ கவனித்துக்கொள்ளும் அந்தக் கிழவியம்மா எப்படி இருக்கிறார்? அங்கே குளிர் அதிகம் என்றாயே, காலுறை போட்டுக்கொள்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் பேசும்போதெல்லாம் அவன் பக்கத்தில் இருக்கிறான். இதுவரை நான் அனுப்பிய செய்திகளையும் அவன்தான் எழுதி அனுப்பினான். அவனுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல இப்போதுதான் எனக்கு வழி கிடைத்திருக்கிறது.

லாரி டிப்போவில் அவனோடு ஓட்டியவர்கள் சேர்ந்து வாங்கிக்கொடுத்த அந்த கம்ப்யூட்டர் ரேஸ் விளையாட்டு செட்டைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறோம். சீட், ஸ்டியரிங், பெரிய திரை. பெடலுக்குப் பதிலாக ஸ்டியரிங்குக்குப் பின்னால் கையால் இழுக்கும்படி இரண்டு லீவர் நானே செய்து மாட்டினேன். ஒரு வாரம் ஓட்டினான். பிறகு சீட்டில் ஏறவே மறுத்தான். "படம் பார்க்கிற மாதிரி இருக்குப்பா. வண்டியே உடம்புல வரல" என்றான். எனக்குப் புரிந்தது. லாரிக்காரன் கண்ணால் ஓட்டுவதில்லை. உட்காரும் இடத்தால் ஓட்டுகிறான்.

அதற்கு ஒரு சாமான் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். ஷேக்கர் என்று பெயர். ஒலிபெருக்கியின் பின்பக்கம் மாதிரி கனமான வட்டு. கம்ப்யூட்டர் அனுப்புவதை அதிர்வாக்கிச் சீட்டுக்குள் விடும். சின்னதும் பெரியதுமாக மூன்று வகை மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பேரிங் போன வண்டியில் இரும்புக் கம்பியை வைத்து மறுமுனையைத் தாடையில் அழுத்திக் கேட்பவன் நான், எனக்கு இது விளையாட்டு. சின்னது சுருக்கென்று பேசியது. பெரியது, ரப்பர் தேய்ந்த எஞ்சின் நின்ற இடத்தில் ஓடுவது போல எல்லாவற்றையும் மூழ்கடித்தது. எல்லோரும் முதலில் பெரியது ஒன்றைத்தான் சீட்டுக்கு நடுவில் மாட்டுவார்கள் என்றார். சரி என்று வாங்கி வந்துவிட்டேன்.

மூன்று நாள் சீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். மெத்தையில் வைத்தால் பஞ்சு அதிர்வைத் தின்றுவிடும், ஆகவே அடிப்பக்கத்துக் கெட்டி ஓட்டில் துளை போட்டு போல்ட் அடித்தேன். அதிர்வு தரைக்கு இறங்காமல் இருக்க ஃபிரேமுக்கு நடுவே லாரி சைலன்சர் ரப்பர் நான்கு கொடுத்தேன். சனிக்கிழமை அவனைத் தூக்கி உட்காரவைத்தேன். இரண்டு சுற்று ஓட்டினான். "சூப்பரா இருக்குப்பா. இடுப்பு வரைக்கும் அதிருது" என்றான்.

இடுப்பு என்றான், அம்மா. நெஞ்சுக்குக் கீழே ஊசி குத்தினாலும் தெரியாத உடம்பு. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு சீட்டைத் தொட்டுப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் நீ போன் செய்தபோது முந்திக்கொண்டு உன்னிடம் சொன்னது நான்தான். அவனுக்கு உணர்வு திரும்புகிறது என்றேன். நீ அழுதாய். அப்படியானால் இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அவரை இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவழைக்கிறேன் மாமா என்றாய். அவன் போனை வாங்கி, "நீ வர்ற அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு நானே நடந்து வந்து கூப்பிடறேன்" என்றான். நான் சுவரைப் பார்த்து நின்று சந்தோஷத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவனை உடற்பயிற்சி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து, போல்ட்டை இன்னொரு முறை முடுக்கலாம் என்று சீட்டுக்கு அடியில் போனேன். ஷேக்கரின் வயர், அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் சொருகப்படவே இல்லை. முனை இரண்டையும் முறுக்கி டேப் சுற்றி ஓரமாகச் செருகியிருந்தேன். வேலை முடியும்வரை நான் அப்படித்தான் சுற்றி வைப்பேன், பட்டறையிலும் அதே பழக்கம். கடைசியில் இணைக்க மறந்துவிட்டேன். டேப் நான் சுற்றியபடியே, பிரியாமல் இருந்தது.

இல்லை, சனிக்கிழமை இணைத்துவிட்டுப் பிறகு நான்தான் கழற்றியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயரைச் சொருகி ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் டீச்சரம்மா மேலே ஏறி வந்துவிட்டார். வீட்டுக்குள் மாவு மில் வைத்திருக்கிறீர்களா, அலமாரியில் டம்ளரெல்லாம் நடக்கிறது என்றார். சனிக்கிழமையும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டேன். "சனிக்கிழமை நிம்மதியா தூங்கினேனே. இன்னைக்குத்தான் இந்தக் கொடுமை" என்றார். அவர் முன்னால் நிற்க முடியவில்லை. பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவன் பொய்க்காரன் இல்லை. அது உனக்கே தெரியும். மூன்று நாள் அப்பன் முதுகு வலியோடு தரையில் கிடந்ததைப் பார்த்தான், ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னான். அதை நான் உன் காது வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அதன் பிறகு அவனால் எப்படித் திருப்பி எடுக்க முடியும்?

அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவனுக்குப் பின்கழுத்து முடி வழிக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த டிரிம்மரின் பின்பக்கத்தை முதுகில் வைத்தேன். தோள்பட்டை எலும்பு மேல் வைத்ததும் நெளிந்தான். "என்னப்பா, கூசுது" என்றான். மெதுவாக இறக்கினேன். எலும்பு முடிகிற இடம் வரைக்கும் நெளிந்தான். அதற்கு நான்கு விரல் கீழே வைத்தேன். டிப்போவில் யாரோ புது லாரி வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தான், நிறுத்தவில்லை. இன்னும் கீழே, இன்னும் கீழே வைத்தேன். கதை போய்க்கொண்டே இருந்தது. நானும் ஊம் கொட்டினேன். அவன் எங்கே முடிகிறான் என்பதை அன்றைக்குத்தான் என் கை கண்டுபிடித்தது. அந்த இடத்தைச் சாணாலும் விரலாலும் அளந்துவைத்துக்கொண்டேன்.

பெரியதைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டுச் சின்னது இரண்டு வாங்கினேன். முதுகுச் சாய்வில் சாக்பீஸால் குறி போட்டு, அந்த இடத்து மெத்தையை அறுத்தெடுத்துவிட்டு, ஓட்டில் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்றாகத் தோள்பட்டைக்கு நேரே பொருத்தினேன். எஞ்சின் சத்தத்தை அவற்றுக்கு அனுப்பவில்லை. கடைக்காரரே வந்து, இடது பின் சக்கரத்தின் அதிர்வை இடது தோளுக்கும் வலதின் அதிர்வை வலதுக்கும் மாற்றிக்கொடுத்தார். வயரை நான்கு தடவை பார்த்தேன்.

நேற்று உட்காரவைத்தேன். ஏன் மாற்றினேன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மழை ஈரத்தில் ஒரு வளைவில் திரும்பினான். நல்லா இருக்கு என்றோ சூப்பர் என்றோ இந்தத் தடவை சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடியே, மெதுவாக, "அப்பா, இடது பின் சக்கரம் வழுக்குது" என்றான். சொல்லும்போதே கை ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியை மீட்டுவிட்டது. பழைய கை, அம்மா. நீ பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறாயே, அந்தக் கை. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திரைச்சீலைதான் இருக்கிறது, கதவு இல்லை. வெளியே வந்தபோது அவன் கண்ணும் சிவந்திருந்தது. இரண்டு பேரும் திரையைத்தான் பார்த்தோம்.

அதனால் இதை எழுதுகிறேன். அவனுக்கு இடுப்பில் ஒன்றும் திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் முன்பே சொல்லிவிட்டார். நீ கேட்டபோதெல்லாம் போகப்போகத் தெரியும் என்று மழுப்பினோம். உன்னை ஏமாற்றியதில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. நான் சொன்ன சொல்லை நம்பி மாதக் கடைசியில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. வேலை பிடித்திருந்தால் போடு. அங்கேயே இருக்கவேண்டும் என்று உனக்கே தோன்றினாலும் போடு, இந்த வீட்டில் யாரும் உன்னைக் குறை சொல்ல நான் விடமாட்டேன். அவன் நடப்பான் என்பதற்காக மட்டும் போடாதே.

ஏர்போர்ட்டுக்கு அவன் நடந்து வரமாட்டான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நான் வருவேன். எவ்வளவு தூரமானாலும் தள்ளுவேன், என் முதுகைப் பற்றி நீ கவலைப்படாதே. உன் பக்கத்துத் தலையணைக்கு வாரம் தவறாமல் உறை மாற்றச் சொல்கிறான். ஏன் என்று நான் கேட்பதில்லை.

நீ எங்கே இருந்தாலும் மனம் நோகாமல் இரு. நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. வயர் இணைக்காமல் இருந்தது எனக்குத் தெரியும் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் உனக்கு மறுபடி எழுதுவேன். அதற்குள் சொல்லியிருந்தால் அவன் என்ன சொன்னான் என்று எழுதுகிறேன். தைரியம் வரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா