நானூறு பம்பும் ஒரு மன்னிப்பும்

அப்பாவுக்கு,

அக்ஷயா வணக்கத்தோட எழுதறனுங்க. மூட்டு வலி தேவலையாங்களா? போன்ல உங்களுக்குச் சரியாக் கேக்கறதில்லைன்னுதான் இந்தக் கடுதாசி.

கம்பெனியில ஒரு சின்ன விசயங்க. நம்ம களத்துல காயிற கொப்பரை, உரிக்காத காய், கட்டின மூட்டை எல்லாம் சேந்தா இன்வென்டரி. அதுல விக்கத் தயாரா இருக்கற மூட்டை மட்டுந்தான் ஸ்டாக். எங்க பம்புசெட்டுக்கும் அப்படித்தானுங்க. பாதி வேலையில நிக்கறதையும் சேத்து இன்வென்டரி நானூறு, ஸ்டாக் நூத்தி இருபதுன்னு எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் ஸ்ரீனிவாஸ் சார் நானூறும் ரெடின்னு வியாபாரிக்கு வாக்குக் கொடுத்துப்போட்டாரு. வந்த லாரி காத்திருந்து திரும்பிப் போச்சு. ஆர்டரும் போச்சு.

"ரெண்டும் ஒண்ணுதானே அம்மணி, நீதான் குழப்பிப்போட்டே"ன்னு முதலாளி முன்னால சொன்னாரு. நான் எழுதின தாளை நீட்டினேன். முதலாளி அதைத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. ஸ்டாக் நானூறுன்னு நானே தப்பா எழுதினதா மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. எழுதிக் கொடுத்துப்போட்டேன். இப்ப ஸ்டோர்ல இல்லீங்க, பேக்கிங்ல இருக்கறேன். சம்பளம் அதேதான், கவலைப்படாதீங்க.

அட்டைப்பெட்டி மடிச்சு விரலெல்லாம் வெடிக்குது, தேங்காயெண்ணெய் ஒரு பாட்டில் அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா துடியலூர் ஹாஸ்டல்ல பேச ஆளில்லீங்க. நீங்க படிச்சுப்போட்ட வாரப் பத்திரிகைகளையும் சேத்துக் கட்டுங்க.

கம்பெனி பஸ் வந்துருச்சு. உடுமலை சந்தையில யாராச்சும் கேட்டா, ஸ்டோர் இன்சார்ஜ்னே சொல்லுங்கப்பா.

உங்க மக,
அக்ஷயா