நன்றிப் பூசையும் நீலச் சட்டையும்

அகதா,

கறி அடுப்பிலேயே இருக்கிறது. நான் சாப்பிடாமல் போவது கோபத்தினால் அல்ல. காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாவி பூந்தொட்டிக்குக் கீழே.

பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட, நீ ஷெர்லீனுக்கு வாங்கிய நீலச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அங்கே அவளுக்கு இடம் கிடைத்ததா என்று வியாழக்கிழமைதான் தெரியும். அதற்குள் பக்கத்து வீட்டு சூசன் வேலிக்கு மேலே எட்டிச் சட்டையைப் பார்த்து, "அங்கிள், ஷெர்லீனுக்குக் கெடச்சிருச்சா? சொல்லவே இல்லயே லா!" என்கிறாள். கிடைக்காவிட்டால் தங்கா பத்து ஊர் முழுக்க நம் பிள்ளையைப் பாவமாகப் பார்க்கும். நம் குடும்பத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மாதா கோயில் அலுவலகம் வரை போய் வருகிறேன்.

அல்போன்ஸ்

பி.கு.: பிறர் சொல்லி நீ கேட்க வேண்டாம். போன வாரமே இடம் கிடைத்ததற்கென்று ஷெர்லீன் பெயருக்கு நன்றிப் பூசை எழுதிக் கொடுத்துவிட்டேன். முடிவு வருமுன்பே, இந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோர் முன்னாலும் அதை வாசிப்பார்கள். அதை வேண்டுதல் பூசையாக மாற்றத்தான் போகிறேன்.

ஷெர்லீன் சட்டையைக் கேட்டால் கொடு. வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.