ஏமாளிப் போர்வையில் எனக்கொரு கட்டம்

மார்ச் 28, சனி

நல்ல வெயில். போர்வைத் துணிகளைத் துவைத்துப் போட்டேன், சோறு வேகும் முன் காய்ந்துவிட்டது. எதிரே டெக்கோமா மரம் இலையே இல்லாமல் பூத்துக் கொட்டுகிறது. வாசல் கூட்டும் வேலை எனக்கு இல்லையாம். எந்த வேலையும் இல்லையாம்.

எனக்குத் தடை: தண்ணீர் வாளி, ஊறுகாய், சத்தமான டிவி, கருவாடு. இப்போது புதிதாக ஏமாற்று விளையாட்டும்.

டிசம்பரில் எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பார்த்துக்கொள்ள என்று ஜொகூர் பாருவிலிருந்து வந்த ஸ்டெல்லா அண்ணி, என் வீட்டுக்காரருடைய அக்கா, இன்னும் கிளம்பவில்லை. (இனி ஸ்.அ. முழுப்பெயர் எழுதக் கை வலிக்கிறது.)

மகள் ஜெனி சின்னப் பிள்ளையாக இருந்தபோது மார்ச் விடுமுறையில் ஆரம்பித்த பழக்கம் இது. ஒருவரை ஒருவர் ஏமாற்ற வேண்டும். ஏமாந்தவர் உடுத்தும் துணியில் ஒன்றைத் தர வேண்டும். எல்லாம் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பேன். ஈஸ்டர் விருந்து முடிந்ததும் ஹாலில் விரித்து உருளுவோம். பெயர் ஏமாளிப் போர்வை.

இந்த வருஷம் இவருடைய துணி இருக்கிறது, ஜெனி துணி இருக்கிறது. என்னுடையது ஒரு துண்டு இல்லை. என்னை யாரும் ஏமாற்றவே இல்லை.

சிங்கப்பூரிலிருந்து வார விடுமுறைக்கு வந்த ஜெனி சொல்கிறாள், "உங்க பழைய நைட்டிய வெட்டி வைங்க மா. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியுமே! நடுக்கட்டத்தை விட்டுவிட்டுத்தான் தைக்கப் போகிறேன். ஓட்டையாகக் கிடக்கட்டும்.

மார்ச் 30, திங்கள்

கிளினிக். டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரி. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நடக்கலாமா? நடக்கலாம். சிரிக்கலாமா? தாராளமாக. யாராவது என்னைத் திடுக்கிட வைத்தால்?

"போலே லா, ஒன்னும் ஆகாது ஆன்ட்டி. சும்மா பயப்படாதீங்கன்னு வீட்டுல சொல்லுங்க."

பக்கத்தில் இவர் மண்டையை மண்டையை ஆட்டினார். வேனில் ஏறியதும், "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு? அதுக்கு என்ன தெரியும்?" பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் டாக்டருக்கு மார்க் போடுகிறார்.

கத்தரிக்காய் விலை ஏறிவிட்டது. வாங்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

பின்கட்டில் இவர் போனில்: "அம்மாகிட்ட ஒன்னும் விளையாடிராத ஜெனி. நாளைக்கு ஏப்ரல் ஒன்னுன்னு ஏதாச்சும் பண்ணிராத. சொல்லிட்டேன்."

நான் இந்த வீட்டில் ஒரு ஆளா, இல்லை அலமாரியில் வைத்த பீங்கான் தட்டா? ஆத்திரத்தில் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன். சரி. நீங்கள் ஆடாவிட்டால் போங்கள், நான் ஆடுகிறேன்.

ஏப்ரல் 1, புதன்

இவர் குளிக்கப் போன நேரத்தில் கைலியின் அடிப்பக்கத்தை மெஷினில் வைத்து ஒரே ஓட்டு. வந்து காலை விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். அப்படியே கட்டிலில் சாய்ந்து, "அலமாக்! ஐயோ பிலோ!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நெஞ்சு வலிக்கவில்லை, பாருங்கள். கைலி பறிமுதல்.

ஸ்.அ. வாசல்படியில் நின்று, "சேசு பாடுபட்ட வாரத்துல இதான் வேலையா? நோயாளி செய்யிற காரியமா இது?" என்றார். ஆனால் தையலை உற்று உற்றுப் பார்த்தார். உள்ளே போனதும் சிரிப்பை விழுங்கின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இருமலாக இருக்கலாம்.

சாயங்காலம் இவர் என் தலையணைக்கடியில் ஒரு சாக்லெட் வைத்து, "ஏப்ரல் ஃபூல்!" என்றார். சாக்லெட்டுக்குள் சாக்லெட்தான் இருந்தது. இது ஏமாற்றா? பிச்சை போடுகிறார். "செல்லாது" என்று சொல்லிவிட்டுத் தின்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அரிசி டின்னில் பிளாஸ்டிக் கரப்பான் வைத்தேன். ஸ்.அ. போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "சேசுவே! உனக்கு புத்தி கெட்டுப் போச்சா பிலோ?"

துணி கேட்டேன். கைக்குட்டையை நீட்டினார். கைக்குட்டை செல்லாது. போராடி ஒரு பூப்போட்ட நைட்டி வாங்கினேன். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பதிலுக்கு என்னை ஏதாவது செய்வார் என்று நாள் பூராவும் காத்திருந்தேன். மாத்திரையும் வெந்நீரும்தான் வந்தது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை. கோயில் கஞ்சி. மழை. இன்று மட்டும் விளையாட்டுக்கு விடுமுறை.

சாப்பாட்டு மேசையில் இவரிடம் நேராகவே கேட்டேன். ஏன் என்னை மட்டும் ஒதுக்குகிறீர்கள்?

மேசைத்துணியைச் சுரண்டினார். "ஆஸ்பத்திரில உன் வளையல கழட்டி என் கையில குடுத்தாங்க பிலோ. பையில போட்டுட்டு காரிடார்ல ஒக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் உன்ன பயமுறுத்த என்னால முடியல."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாள் சொல்லவில்லையே மனுஷன். ஆனாலும் விடவில்லை.

"அந்த வளையல் இப்ப எங்க இருக்கு? என் கையில தானே? அப்ப என்னைய என்னைக்கோ செத்தவள மாதிரி பாக்காதீங்க."

எழுந்து வந்து என் கையைப் பிடித்து வளையலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஸ்.அ.வுக்குக் காது நீளம்.

ஏப்ரல் 4, சனி

ஜெனி வந்து கேக் அடித்தாள். போர்வையை முடித்துவிட்டேன், நடு ஓட்டையைத் தவிர. கைலி ஓரத்தில், பூப்போட்ட நைட்டி மூலையில். ஜெனி ஓட்டையில் தலையை விட்டு வீடு சுற்றினாள். "மா, யாருமே ஏமாத்தலன்னா?"

ஓட்டையோடு விரிப்பேன். வருகிறவர்கள் கேட்டால் காரணமும் சொல்வேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது!

பூசைக்கு நேரமாகிவிட்டது. எல்லாரும் வேனில். நான் மட்டும் அறையில், புது வெள்ளைப் பட்டுச்சேலைக்கு எடுத்த புது ரவிக்கையோடு. வலது கையை விட்டேன். போகவில்லை. இடது கை. அதுவும் போகவில்லை. அவசரத்தில் தலையில் மாட்டிக்கொண்டு, "ஐயோ! யாரு இது!" என்று கத்தினேன்.

இவர் செருப்போடு ஓடி வந்தார், முகம் வெளுத்து. "என்ன? நெஞ்சா? நெஞ்சா?"

"நெஞ்சு இல்லங்க, கை!"

இரண்டு கையின் முனையும் தைத்து மூடியிருந்தது. வெள்ளை ரவிக்கையில் கறுப்பு நூல். தையலா அது, கோழி கிண்டின மாதிரி. ஜெனி தையல் இல்லை, அவளுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இவருக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. இவர் ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். டிசம்பருக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

பிரிக்க நேரமில்லை. கைக்குக் கிடைத்த பழைய பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். வேனில் ஸ்.அ. ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. அவர் நடுவிரலில் ஊசி குத்திய இடத்துக்கு பிளாஸ்டர்.

"ஹார்ட்டு நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு அண்ணி."

"அப்ப சரி. ஒரு கை முழுசா வெட்டி வையி. கைக்குட்டையெல்லாம் செல்லாது."

வெள்ளைப் பட்டுக்குப் பச்சை ரவிக்கை. கோயிலே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

வந்ததும் முதல் வேலை, புது ரவிக்கையின் வலது கையை வெட்டினேன். கறுப்புத் தையலைப் பிரிக்காமல் அப்படியே நடுவில் வைத்துத் தைத்துவிட்டேன்.