அனுமதிச் சீட்டில் எழுதிய சொல்

அக்கா,

இன்று இங்கிலீஷ் அகராதியைத் திறந்ததும் தோல் வாசனை வந்தது. கம்பெனியில் ஷூவுக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டை, பக்க அடையாளமாக வைத்துக்கொள்ள நறுக்கித் தந்தாயே, அது இன்னும் 'பி' எழுத்தில்தான் இருக்கிறது.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள், தையல் பிரிவிலிருந்து வந்தவள் கைகூடக் கழுவாமல் கேட்டாய். "அவர இனிமே இங்கிலீஷ்ல இன்னான்னு சொல்றதுடி?"

ஃபியான்ஸே என்பார்கள், பழைய புத்தகங்களில் 'பிட்ரோத்ட்' என்று இருக்கும் என்றேன். கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்தவர் என்று பொருள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? செருப்புக்கே இடது வலதுன்னு இருக்குதேடி" என்று சிரித்தாய். பிறகு அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாய்.

மூன்றே வாரத்தில் காய்ச்சலோடு உன்னை வேலூருக்குக் கொண்டுபோனோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சொந்தக்காரர்களை மட்டும்தான் விட்டார்கள். நிச்சயத்திலிருந்து நான் மாமா என்று கூப்பிட்டுவந்த அவர், இரண்டு நாள் வாசலிலேயே நின்றார்.

"அண்ணன்னு சொல்லிடுப்பா, உள்ள விட்டுருவாங்க" என்றாள் அம்மா.

அவர் தலை குனிந்துகொண்டார். "வேற இன்னா வேணாலும் சொல்றேன் அத்தை. அத மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்."

அனுமதிச் சீட்டில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடம் காலியாக இருந்தது. நான் பேனாவை வாங்கி அந்தச் சொல்லை எழுதினேன். யாரும் பேசாத பழைய சொல்லாயிற்றே, செல்லுமா என்று பயமாக இருந்தது.

நர்ஸ் படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு எழுதினது?"

"நான்தான் சிஸ்டர்."

"நிச்சயம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சிஸ்டர்."

கதவைத் திறந்தார். "செருப்ப வெளிய விட்டுட்டுப் போங்க."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ கண் திறந்தாய். உதடு அசைந்தது. அவர் வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"எப்படி உள்ள வந்தீங்கன்னு கேட்டா. சீட்டக் காட்டினேன். சிரிச்சா."

மறுநாள் நீ போய்விட்டாய்.

சொற்கள் பரீட்சைக்குப் படிப்பவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டு நாளாக அவருக்குத் திறக்காத கதவை ஒரு சொல் திறந்ததை என் கண்ணால் பார்த்தேன் அக்கா. இப்போதெல்லாம் அகராதியை மெதுவாகத்தான் புரட்டுகிறேன். எந்தச் சொல் யாருக்காகக் காத்திருக்கிறதோ.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். உன் தோல் துண்டோடு வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திரும்ப அதே பக்கத்தில் வைத்தார். "இங்கியே இருக்கட்டும் பாப்பா."

மேலே உன் பெயர். கீழே அவர் பெயர். நடுவில் என் கையெழுத்தில் ஒன்பது இங்கிலீஷ் எழுத்து. இரண்டு பேருக்கும் ஒரே பேர்.