சங்கிலியைக் கழுவிய தண்ணீர்

அக்கா,

இன்று மதியம் ஃபேரர் பார்க் கண்ணாடிக் கடையில், மகளுடைய மூக்குக்கண்ணாடியைக் கழுவ ஒரு சின்னத் தொட்டியில் போட்டார்கள். பொத்தானை அழுத்தியதும் எழுந்த அந்த இரைச்சலில் என் பின்கழுத்து கூசியது. கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட எண்ணாமல் குனிந்து தண்ணீரின் நிறத்தைப் பார்த்தேன். கொஞ்சம் தூசு, பாலர் பள்ளியில் பூசிக்கொண்டு வந்த பச்சைப் பெயின்ட். அவ்வளவுதான்.

“அம்மா, தண்ணி பாயில் ஆகுதா?” என்றாள்.

“இல்லடா. நடுங்குது.”

தீபாவளிக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு உங்கள் நகைக்கடைக்கு வந்தபோதுதான், சிறுநீரகம் கெட்டு நீங்கள் இறந்துபோனதை ஆசாரி சொன்னார். உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

என் கணவனாக இருந்தவன் அடிப்பதற்கு முன் டிவி சத்தத்தைக் கூட்டுவான். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் மாடியில் ஒருவருக்கும் எதுவும் கேட்டதில்லை. உங்களை நான் பார்ப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் அவன் ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருக்கையில் பிள்ளை பல் முளைக்கிற வலியில் அழுதாள். பேசி முடித்தான், ரிமோட்டை எடுத்தான், தாலிச் சங்கிலியை முஷ்டியில் சுற்றிக்கொண்டு என்னைச் சமையலறையிலிருந்து படுக்கையறை வரை இழுத்தான். ஒவ்வொரு கண்ணியும் சதைக்குள் இறங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன், விலாவில் உதைத்தான். சங்கிலி அறுந்ததும் என் தலை தரையில் மோதியது. அவன் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஐயோ, வெள்ளிக்கிழமை பாசிர் ரிஸ்லேர்ந்து எங்கம்மா வர்றாங்களே.”

அதற்காகத்தான் மறுநாள் உங்கள் கவுண்டருக்குக் கூட்டி வந்தான்.

பற்றவைப்பதற்கு முன் சங்கிலியைக் கழுவ வேண்டும் என்றீர்கள். யாரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டீர்கள். “முத்து, பவளம் கோத்திருக்கா? தொட்டில போட்டா கெட்டுடும்.” பவளங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தீர்கள். அப்போதே உங்கள் விரல்கள் கொஞ்சம் தயங்கின.

காலையில் தொட்டியைச் சோதித்த அலுமினியத் தாள் பக்கத்தில் கிடந்தது. முழுக்கச் சல்லடைத் துளை. அவன் அதைத் தூக்கிப் பிடித்து, “என்ன, எலி கடிச்சிருச்சா?” என்று சிரித்தான். வெளியில் அவன் எப்போதும் கலகலப்பானவன்.

“மெஷின் கடிச்சது சார். நல்லா ஓடுதான்னு தாளைப் போட்டுப் பாப்போம். கேக்கற இரைச்சல் வேற, இதுல வேலை செய்யற சத்தம் நம்ம காதுக்கு எட்டாது. தண்ணிக்குள்ள பொடிக் குமிழா கிளப்பி வெடிக்க வைக்கும். அந்த வெடிதான் இண்டு இடுக்கு அழுக்கைப் பிச்சு எடுக்கறது.” பிறகு ஸ்ட்ரோலர் பக்கம் குனிந்தீர்கள். “பாப்பா, உன்னையும் இந்த மாதிரிச் சத்தத்தை வச்சுத்தான் வயித்துக்குள்ள ஸ்கேன்ல பாத்தாங்க. அது சாதுவான சத்தம்லா.”

சூடான தண்ணீருக்குள் சங்கிலி இறங்கியது. முதலில் மஞ்சள், புகைபோலக் கலைந்தது. அப்புறம் கண்ணிகளுக்குள்ளிருந்து செம்பழுப்பாக, நூல் நூலாக.

“அது என்ன கலர்?” என்றான்.

“குங்குமம் சார். எல்லாருக்கும் வரும்.”

அவனுக்குப் போன் வந்தது. வாசலுக்குப் போனான். நீங்கள் தலை நிமிரவில்லை.

“குங்குமம் இப்படி வராதும்மா. என் சங்கிலிலயும் ஒரு காலத்துல இதுதான் வந்துச்சு. முடியைத் தூக்கு.” தூக்கினேன். பார்த்தீர்கள். “ஐசி வச்சிருக்கியா?” என்று அடையாள அட்டையைக் கேட்டீர்கள்.

“பையில இருக்கு.”

“பிள்ளை?”

“இதோ.”

“அப்ப வீட்டுல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. உள்ள வா.”

உடுப்பு, பால் பாட்டில், என் பட்டச் சான்றிதழ் என்று எதையோ உளறினேன். நீங்கள் கவுண்டர் பலகையைத் தூக்கி ஸ்ட்ரோலரை இழுத்துவிட்டீர்கள். ஆசாரி பட்டறைக் கதவை மூடிப் போலீசுக்குப் போன் போட்டார்.

கதவின் சிறு கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். போன் பேசி முடித்து அவன் திரும்பி வந்தான். “எங்கடி அவ?” அந்தக் கலகலப்பான குரலில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு மேலாக உங்கள் கொண்டையைப் பிடித்து முகத்தை அதன்மேல் அடித்தான். கண்ணாடி நொறுங்கியது. மறுபடி அடித்தான். உதடு கிழிந்து ரத்தம் மோதிரத் தட்டுகளில் சிந்தியது. மூன்றாவது முறை உங்கள் தலையைத் தூக்கியபோது இரண்டு கையாலும் தொட்டியைப் பிடுங்கி அந்தச் சுடுதண்ணீரை அவன் முகத்தில் கொட்டினீர்கள். அலறினான். அறுந்த சங்கிலி அவன் காதில் மாட்டித் தொங்கியது. எதிர்ப்புறப் பூக்கடைக்காரர்கள் இருவர் ஓடிவந்து, போலீஸ் வரும்வரை கண்ணாடித் தூளிலேயே அவனை அமுக்கி வைத்திருந்தார்கள்.

நான் பட்டறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். நீங்கள் உடைந்த பல்லை உள்ளங்கையில் துப்பிவிட்டு ஆசாரியை அதட்டினீர்கள். “நிக்காதீங்க, பவளத்தைப் பொறுக்குங்க. கஸ்டமரோடது.”

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. விலா வலித்தது. நீங்களும் சிரித்தீர்கள். வாயெல்லாம் ரத்தம்.

அவன் தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டான். நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறது, பயமும் இருக்கிறது. லிஃப்ட் கதவு திறந்தால் முதலில் உள்ளே நிற்பவர்களின் காலணியைத்தான் பார்க்கிறேன். பாலர் பள்ளியிலிருந்து போன் வந்தால், எடுத்துப் பேசுமுன்பே செருப்பை மாட்டிவிடுகிறேன். அந்தச் சங்கிலியை நான் திரும்பக் கேட்கவே இல்லை. பவளங்களை மட்டும் மகள் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி விளையாடுகிறாள்.

கண்ணாடிக் கடையில் துடைத்துத் தந்ததை அவள் மாட்டிக்கொண்டாள். “இப்ப உங்க முகம் கிளியரா தெரியுதும்மா” என்றாள். கிளம்புமுன் வழக்கம்போல் பைக்குள் கைவிட்டேன். ஐசி இருந்தது. மறு கையில் அவள் விரல்கள் இருந்தன. இரண்டையும் தொட்டுப் பார்த்த பிறகுதான், அக்கா, எனக்குக் கால் நகர்கிறது.