சேவல் அணியைக் கலைத்துவிட்டார்கள்

என்னங்க, உங்களைத்தான்,

செம்பட்டி சேவல் அணியைக் கலைத்துவிட்டார்கள். வேறு யார் மூலமாவது உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். கோபப்படாமல் முழுவதும் கேளுங்கள். பாதிப் பேச்சில் எழுந்து போகிற பழக்கமெல்லாம் அங்கே வேண்டாம்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி நாளில் ஹாக்கி மைதானத்தில் நான் இடது ஓரம் ஓடியவள், நீங்கள் கோல் கீப்பர். அப்புறம் கல்யாணம், வேலை, பிள்ளை, முட்டிவலி. கடைசியில் நமக்கு வாய்த்தது கோவில்பட்டி சுந்தரபாண்டி தம்பி கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஹாக்கி லீக். ஆட்டக்காரர்கள் எல்லோரும் கற்பனை, ஆனால் நம்மைப் போலவே அவர்களுக்கும் வயதாகும். ஆளுக்கு ஓர் அணி. யார் முன்னால் ஆடுவது, யார் பின்னால் காப்பது என்று சனிக்கிழமைக்குள் நாம் அமைத்துக் கொடுத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரே ஆடி முடிவைச் சொல்லிவிடும். உங்களுக்குச் செம்பட்டி சேவல், எனக்குச் சின்னாளப்பட்டி சுங்குடி. பிறந்த ஊர்ப் பெருமை நம் இரண்டு பேருக்குமே கொஞ்சம் ஜாஸ்திதான்.

நமக்குள் மேட்ச் வருகிற வாரம் நம் வீடு எப்படி இருக்கும்! நீங்கள் முன்னறையில், நான் அடுப்படி மேஜையில். காபி கேட்டு வரும்போதுகூட வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் வருவீர்கள், என் திரையைப் பார்த்துவிட்டதாக நான் சொல்லிவிடக் கூடாதாம். ஞாயிறு பூசை முடிந்து வந்து முடிவைப் பார்ப்போம். தோற்றவர் செத்த நேரம் வாயே திறக்க மாட்டார். பெரும்பாலும் அது நான்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சேவலை அமைத்துவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். அதற்குப் பிறகு அந்த அணியை யாரும் தொடவில்லை. ஆள் வராவிட்டால் கம்ப்யூட்டர் கடைசியாக வைத்த அமைப்பிலேயே ஆடிக்கொண்டிருக்கும். அதனால் சேவல் ஆடியது, நீங்கள் வைத்தபடியே, வாராவாரம். என் ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் முடிவைத்தான் பார்ப்பேன். நடுவில் ஒருமுறை நமக்குள் மேட்ச் வந்தது. என்னை நன்றாக மண்ணைக் கவ்வ வைத்தீர்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

இப்போது அரை டம்ளர் அரிசிதான் போடுகிறேன். குழம்போ வெஞ்சனமோ வைத்தால் மூன்று வேளைக்கு வருகிறது. உப்பு குறைச்சல் என்று சொல்ல ஆளில்லாததால் உப்பு போட்டேனா இல்லையா என்பதே சில நாள் தெரிவதில்லை.

இந்த நிலைமையில்தான் சுந்தரபாண்டி போன் செய்தான்.

"அக்கா, தப்பா நெனச்சிராதீக. பதினாறு டீம்ல ஆறு டீமுக்கு ஆளே இல்ல. எட்டிப் பாக்குறதே இல்ல. அதுகளோட ஆடுறவுக சும்மா பாயின்ட்ட அள்ளிட்டுப் போறாக. பத்தாக் கொறைச்சாத்தான் ஆட்டம் ஆட்டமா இருக்கும்."

"ஆளில்லாத டீம்னா, எங்க வீட்டுக்காரர் டீமுமா தம்பி?"

"அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேங்க்கா. நீங்க சுங்குடிய விட்டுட்டுச் சேவல எடுத்துக்கிடுங்க. இல்லன்னா கலையுற டீம் ஆளுகள எல்லாரும் பொதுவுல பிரிச்சுக்கிடுவோம். சேவல் ஆளுகள்ல மொதல்ல யார வேணும்னாலும் நீங்க எடுத்துக்கிடலாம். எல்லாரும் சம்மதிச்சிட்டாக."

அவன் சொல்வதில் தப்பில்லை. ஆட்டக்காரர்கள் பதினாறு இடத்தில் சிதறிக் கிடந்ததால் எந்த அணியிலும் நான்கு நல்ல ஆள் தேறவில்லை. பத்தானால் எல்லா அணியும் தடித்துவிடும், சுலபமான ஞாயிறு யாருக்கும் கிடையாது. நீங்களே இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு பத்தானால் நல்லது, சரி. இரண்டு ஒன்றானால் அதை என்னவென்று சொல்வது?

பழனியிலிருந்து மகளும் சொல்லிப் பார்த்தாள். "அப்பா டீமையே எடுத்துக்குங்கம்மா. அப்பா சந்தோசப்படுவாருங்க."

எங்கே சந்தோஷப்படுவீர்கள்? உங்கள் அணியில் நான் கை வைத்தால் வீட்டையே இரண்டு பண்ணியிருப்பீர்கள். இருந்தாலும் ஒருநாள் சேவலைத் திறந்து பார்த்தேன். முன்வரிசையில் ஒருவனுக்கு வயதாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். கை போகவில்லை. மாற்றாமல் விட்டால் அணி தோற்றுக்கொண்டே இருக்கும், மாற்றினால் அது என் அணி. அதோடு, சேவலை நான் வைத்துக்கொண்டால் எதிரே யார் இருப்பார்கள்? மூடிவைத்துவிட்டு சுந்தரபாண்டிக்குக் கலைத்துவிடச் சொல்லித் தகவல் அனுப்பினேன்.

ஆட்களைப் பிரித்த அன்று எல்லோரும் போனில் கூடியிருந்தார்கள். உங்கள் இருதயராஜை, அதுதான் கோல் கோலாகப் போடுவானே, அவனை நான் எடுப்பேன் என்று எல்லோருக்கும் நிச்சயம்.

"மொதல்ல நீங்க சொல்லுங்கக்கா."

"எனக்கு யாரும் வேணாம் தம்பி. அடுத்தவங்களக் கேளு."

"நெசமாவாக்கா? இருதயராஜ சும்மாவா விடுறீக?"

"சும்மா விடல. நீ அடுத்தவங்களக் கேளு."

துக்கம் தாங்காமல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். உங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். வயதான இரண்டு பேரை யாரும் கேட்கவில்லை, அவர்கள் பெயருக்கு நேராக 'ஓய்வு' என்று வந்துவிட்டது. அதற்கு மட்டும் எனக்குக் கோபம் வந்தது. முட்டிவலிக்காரர்கள் என்றால் அம்புட்டு இளக்காரமா?

முதல் ஞாயிறு எனக்கும் திருச்சிக்காரருக்கும் ஆட்டம். இருதயராஜ் அவர் பக்கம். இரண்டு கோல் போட்டான், நான் தோற்றேன். திருச்சிக்காரர் போன் செய்து, "இவன நீங்களே எடுத்திருக்கலாம்ல டீச்சர்?" என்று பாவப்பட்டார்.

அவருக்கு நான் எப்படிச் சொல்வது? இருதயராஜை என் பக்கம் வைத்துக்கொண்டால் உங்களோடு எப்படி ஆடுவேன்? இப்போது எனக்கு எதிரே இருக்கிற ஒன்பது அணியில் எட்டில் உங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் எப்போதோ ஒருமுறைதான் நமக்குள் மேட்ச் வரும். இனிமேல் ஏறக்குறைய எல்லா ஞாயிறும் நீங்கள் என் எதிரே வந்து நின்றாக வேண்டும். எங்கே போய்விடுவீர்கள், பார்க்கிறேன்.

உங்கள் ஆளில் ஒருவனைக்கூட என் அணிக்குக் கேட்க மாட்டேன். விட்டுக்கொடுத்தும் ஆட மாட்டேன். இது சத்தியம்.

என்றும் உங்களோடு மல்லுக்கு நிற்கும்,
உங்கள் மனைவி,
சின்னாளப்பட்டி ஸ்டெல்லா